தவலையில் துளையிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப் பொங்கல் முடிந்த கையோடு வீட்டுத் தோட்டம் பற்றிய குறிப்புகளும் வாசகர்கள் அனுப்பும் தோட்டப் படங்களும் தங்கள் நாளிதழில் வரத் தொடங்கிவிடுகின்றன. கொல்லையில் காய்கறி பயிரிடுவதையும் பழைய வீட்டுப் பொருள்களைத் தேடிச் சேர்ப்பதையும் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒருசேரச் செய்துவருபவள் என்ற முறையில், அந்தப் பக்கத்தை நான் ஒரு வரி விடாமல் படிக்கிறேன். ஆனால் அண்மைக் காலமாக அந்தப் படங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு வழக்கம் எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது. பித்தளைத் தவலைகளையும் வெண்கலப் பானைகளையும் செப்புக் குடங்களையும் அடியில் துளையிட்டு, மண் நிரப்பி, மிளகாய்ச் செடியோ குரோட்டன்ஸோ நட்டு வாசலில் வரிசையாக வைக்கிறார்கள். பழம்பொருளுக்கு மறுவாழ்வு கொடுத்ததாகவும் தோட்டத்துக்கு அழகு சேர்த்ததாகவும் அவர்கள் மனமார நம்புகிறார்கள். இரண்டுமே நடக்கவில்லை என்பதை எடுத்துச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு பங்குனியில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தபோது, நெடுஞ்சாலையோரத்தில் இருந்த ஒரு தங்கும் விடுதியின் முகப்பில் இப்படி ஆறு தவலைகளைக் கண்டேன். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு பெரிய குடும்பத்துக்கே வெந்நீர் போட்டவை. வயிறு பெருத்து, கழுத்து சிறுத்து, விளிம்பு தடித்து, இருவர் சேர்ந்து தூக்கினால்தான் நகரக்கூடியவை. ஐந்தில் செடி வாடிக் கிடந்தது. ஆறாவதன் கழுத்துக்குக் கீழே தூசியைத் துடைத்துப் பார்த்தபோது, பாத்திரக் கடைகளில் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார்களே, அந்த முறையில் மூன்று முதலெழுத்துகளும், அவற்றை அடுத்து ‘பிரமாதி ௵ தை ௴’ (பிரமாதி வருடம், தை மாதம்) என்ற குறிப்பும் இருந்தன. நம் அறுபது ஆண்டுக் கணக்கில் அது 1940ஆம் ஆண்டின் தொடக்கம். தை மாதத்தில் பெயர் வெட்டப்பட்ட தவலை என்றால் அநேகமாக அது ஒரு பெண்ணின் சீர்வரிசையில் வந்ததாகத்தான் இருக்கும். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1942இல், ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, அங்கே கொண்டுவிற்று, அதாவது வணிகம் செய்து, வாழ்ந்த எங்கள் வட்டாரத்துக் குடும்பங்கள் பல, போட்டது போட்டபடி ஊர் திரும்பின. அந்தப் பெண்ணின் குடும்பமும் அவற்றுள் ஒன்றோ என்ற எண்ணம் என்னைவிட்டு அகலவில்லை. தவலையின் அடியில் துரப்பணத்தால் இட்ட நான்கு துளைகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படர்ந்து, சுண்ணாம்பு பூசிய திண்ணை மீது அதே பச்சை நிறத்தில் கோடு வழிந்திருந்தது.

அந்தப் பச்சைக் கோட்டைத்தான் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. ஈரமண்ணும் எருவும் நாள்தோறும் இவற்றின் மீது பட்டுக்கொண்டிருந்தால் செம்பு களிம்பாக மாறி மண்ணில் இறங்கும். செம்பு பூஞ்சணத்தைக் கொல்லும் என்பதால்தான் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துப் போர்டோக் கலவையாக இலைமீது தெளிக்கிறோம். அதே செம்பு வேரில் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால், நுனிவேர் கறுத்துக் குட்டையாகிச் செடி மேலே வளராமல் நின்றுவிடும். இது போதாதென்று, பங்குனி, சித்திரை வெயிலில் உலோகப் பாத்திரம் எப்படிச் சுடும் என்பது, கொல்லையில் வைத்த செம்பை நண்பகலில் கையால் எடுத்துப் பார்த்த யாருக்கும் தெரியும். மண்தொட்டி மூச்சுவிடும், ஈரத்தை வெளியே கசியவிட்டுத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். பித்தளைக்கு அந்தக் குணம் இல்லை. நண்பகல் வெயிலில் அதனுள் இருக்கும் வேர் வெந்துபோகிறது. விடுதி வாசலில் வாடிய ஐந்து செடிகளுக்கும் தண்ணீர் போதவில்லை என்றுதான் அங்கிருந்த காவலாளி சொன்னார். நான் விரலை விட்டுப் பார்த்தபோது மண் நன்றாக நனைந்தே இருந்தது.

ஆக, செடியும் பிழைக்கவில்லை, பாத்திரமும் பிழைக்கவில்லை. இதில் என்னை மிகவும் வருத்துவது இன்னொன்று. இந்தப் பொருள்களும் காய்கறித் தோட்டமும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. நம் முந்தைய தலைமுறையின் வீடுகளில் அடுப்படியும் கொல்லையும் ஒரே வேலையின் இரண்டு முனைகளாக இருந்தன. நடுவே கைமாறிக்கொண்டிருந்தவை இந்தப் பாத்திரங்கள்தாம். அவற்றை அவற்றுக்கு உரிய வேலையில் வைத்துக்கொண்டே இன்றும் தோட்டம் போடலாம். நான் அப்படித்தான் போடுகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

நமக்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் அந்த வேனிலில் காய் பறிக்க வேண்டுமானால் தையின் பிற்பகுதியிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற சொலவடை எல்லாருக்கும் தெரிந்திருப்பதால், ஆடியை விட்டால் வேறு பட்டமே இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தைப்பட்டமும் மாசிப்பட்டமும் வீட்டுத் தோட்டத்துக்கு ஆடியைவிடக் குறைந்தவை அல்ல. பந்தல் அவரைக்கு மட்டும் இது காலமன்று. அது குளிர்நாளில் பூப்பது. வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, புடல், பீர்க்கு, பாகல், சுரை ஆகியவற்றுக்கு இதுவே உகந்த பருவம். தையின் கடைசி வாரத்தில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றங்கால் போட்டால், மாசிக் கடைசியில் முப்பது முப்பத்தைந்து நாள் நாற்றாகக் கத்தரியைப் பிடுங்கி நடலாம்; மிளகாய் இன்னும் ஒரு வாரம் கேட்கும். வெண்டையை முதல்நாள் இரவே ஊறவைத்து நேரடியாக ஊன்றினால், ஐம்பது நாள் ஆவதற்குள் முதல் காய் கைக்கு வந்துவிடும். அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். இரண்டு நாள் அசந்தால் முற்றி நார் விட்டுவிடும்.

கீரை விதைப்பதில்தான் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் தடுமாறுகிறார்கள். முளைக்கீரை விதை கடுகிலும் சிறியது. கையில் அள்ளித் தூவினால் ஓரிடத்தில் மண்டிக்கொண்டு வரும், ஓரிடம் சொட்டையாகக் கிடக்கும். எங்கள் அப்பத்தா ஒரு கைப்பிடி விதைக்கு ஓர் உழக்கு உலர்ந்த ஆற்று மணலை அளந்து, முறத்தில் கொட்டிக் கலந்து, முறத்தைச் சாய்த்துச் சாய்த்து நடந்தபடியே தூவுவார். மணல் வெளிறியும் விதை கறுத்தும் இருப்பதால், தரையில் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பித்தளை உழக்கு இப்போது என்னிடம் இருக்கிறது. நான்கு உழக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற வாய்ப்பாட்டை என் பேத்தி பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. கீரை விதைக்கும்போது அந்த உழக்கைக் கையில் பிடித்துத்தான் தெரிந்துகொண்டாள். துளை போட்டிருந்தால் அந்த உழக்கால் எதை அளப்பது?

புடலங்கொடி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் பூவைப் பார்க்க வேண்டுமானால் பொழுது சாய்ந்த பிறகு பந்தலடிக்குப் போக வேண்டும். இதழ் ஓரமெல்லாம் வெள்ளை நூலைப் பிரித்துவிட்டாற்போல் விரிந்து, இருட்டிலும் தெரியும். பகலில் மட்டும் தோட்டத்தைப் பார்ப்பவர்கள் அதைப் பார்க்காமலே காய் பறிக்கிறார்கள். பிஞ்சு சாண் நீளம் வந்ததும் சுருளத் தொடங்கும். நேராக வளர வேண்டுமானால் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கனம் கூடினால் பிஞ்சு அற்று விழும், குறைந்தால் சுருளும். ஏதோ ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கட்டுவதுதான் வழக்கம். நான் ஒருமுறை, சேர்த்து வைத்திருந்த பழைய இரும்புப் படிக்கற்களில் ஒரு பலம் எடையுள்ள கல்லைக் கட்டிப் பார்த்தேன். நாற்பது பலம் ஒரு வீசை. ஒரு பலம் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 35 கிராம். புடலம்பிஞ்சுக்கு அது அச்செடுத்தாற்போல் பொருந்தியது. 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை வந்து, பலமும் சேரும் வீசையும் கடைத்தெருவை விட்டு வெளியேறின. என் பந்தலில் மட்டும் ஏழு பலக்கற்கள் ஒவ்வோர் ஆண்டும் மாசி முதல் வைகாசி வரை வேலை செய்கின்றன. காய் அறுத்ததும் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துவிடுவேன். அவற்றில் இன்றுவரை துருப்பிடிக்கவில்லை.

வேனிலில் தண்ணீர்தான் பெரிய கவலை. எங்கள் பக்கத்துச் செம்மண் காலையில் ஊற்றியதை மாலைக்குள் விட்டுவிடும். இதற்குப் பழைய மண்பானையைப் போல் துணை வேறில்லை. குளிர்பதனப் பெட்டி வந்தபின் வீடுதோறும் மூலையில் கவிழ்ந்து கிடக்கும் தண்ணீர்ப் பானையை எடுத்து, பாத்தியின் நடுவில் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் நான்கு கத்தரியோ இரண்டு பாகலோ நட்டு, பானையில் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால், அது உள்ளிருந்து கசிந்து வேருக்கு மட்டும் ஈரம் கொடுக்கும். மேல்மண் காய்ந்தே இருப்பதால் களையும் குறைவு. எங்கள் மண்ணில் மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமானதாக இருக்கிறது. ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: குழம்பு வைத்த சட்டி இதற்கு ஆகாது. எண்ணெய் ஏறிய மண்பாத்திரம் கசியாது. தண்ணீர் மட்டுமே கண்ட பானைதான் வேண்டும். பல ஆண்டு உப்புநீர் நின்று வெள்ளை பூத்த பானையும் கசிவது குறைவு. புதைக்கும் முன் தண்ணீர் நிரப்பித் தரையில் வைத்து, வெளிப்புறம் வியர்க்கிறதா என்று ஓர் இரவு பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். மண்ணுக்குள் வைத்துத் தோட்டத்துக்குப் பயன்படுத்த வேண்டிய பழம்பொருள் இருக்கிறதென்றால் அது இந்தப் பானைதான், தவலை அன்று.

விதைக்கு வருகிறேன். கத்தரியில் நன்கு காய்த்த செடியை முதலிலேயே பார்த்து வைத்து, அதில் இரண்டு காய்களைப் பறிக்காமல் விட்டு, தோல் மஞ்சளித்துத் தொய்யும் வரை பழுக்கவிட வேண்டும். அதன்பின் அறுத்துத் தண்ணீரில் பிசைந்து, மிதக்கும் பொக்கை விதையை நீக்கி, அடியில் தங்கியதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும். சுரை விதையைச் சாணத்தில் பொதிந்து சுவரில் வறட்டி போலத் தட்டி வைப்பார்கள். பீர்க்கைக் கொடியிலேயே காயவிட்டு, கூடோடு அடுப்படிப் புகையில் கட்டித் தொங்கவிடுவார்கள். உலர்ந்த விதையை எதில் வைப்பது என்பதற்கும் முறை உண்டு: காய்ந்த சுரைக்குடுக்கை, வாய் குறுகிய சின்னப் பானை, பரணில் இருக்கும் பீங்கான் ஜாடி. பழைய ஊறுகாய் ஜாடிகளை நான் ஒன்றுகூட விடாமல் வாங்குவதற்குக் காரணம் இதுதான். மூடியின் மேல் துணிகட்டி, நூல் சுற்றி, உள்ளே ஒரு பிடி சாம்பலைப் போட்டு வைத்தால், வண்டு அண்டாது. கசக்கும் சுரையிலிருந்து மட்டும் எக்காரணம் கொண்டும் விதை எடுக்கக் கூடாது; அந்தக் கசப்பு உடலுக்குத் தீங்கு செய்வது, அது விதைவழியே தொடரவும் கூடும். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போலக் காய்க்காது என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலூர் முள்ளுக் கத்தரிக்கும் இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் குறியீடு பெறாத, பேர் மட்டும் உள்ள எத்தனையோ கத்தரிகள் ஊருக்கு ஊர் இருந்தன. அவற்றின் விதை ஏதோ ஒரு பாட்டியின் குடுக்கையில் இருந்தது. வீட்டை இடிக்கும்போது குடுக்கையைக் குப்பையில் போட்டார்கள். உழக்கை எடைக்குப் போட்டார்கள். விதையும் பாத்திரமும் ஒரே நாளில் வீட்டைவிட்டு வெளியேறின. ஆகவே இவற்றைச் சேர்ப்பதை நான் இரண்டு தனித்தனி விருப்பங்களாகக் கருதவில்லை.

எடைக்குப் போடுவதைத் தடுக்கத்தானே துளை போட்டு விற்கிறோம் என்று வணிகர்கள் கேட்கிறார்கள். இதை நான் எளிதாக ஒதுக்கிவிட விரும்பவில்லை. பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் இதுபற்றி முறையிட்டபோது, “ஓட்ட போட்டுக் குடுங்கன்னுதாம்மா கேட்டு வர்றாங்க. போடாம வச்சிருந்தா உருக்குறதுக்குத்தான் போகும்” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. எங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் இல்லாதிருந்தால், இடிபட்ட வீடுகளின் மரத்தூணும் எனாமல் தூக்கும் பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டியும் என்றோ காணாமற் போயிருக்கும். வணிகர்கள் காப்பாற்றியவை மிகுதி என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழகுக்காகத்தான் வாசலில் வைக்க வேண்டுமென்றால் துளையே தேவையில்லை. செடியை மண்தொட்டியிலோ வளர்ப்புப் பையிலோ நட்டு, தவலைக்குள் இரண்டு ஓட்டுத் துண்டுகளைப் போட்டு, அதன் மேல் தொட்டியை இறக்கி வைத்தால் போதும். வாரம் ஒருமுறை தொட்டியைத் தூக்கி அடியில் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் டெங்குக் கொசுவுக்கு நாமே இடம் கொடுத்ததாகும். நிழல் விழும் திண்ணையில் வைத்தால் வேரும் வேகாது. பத்து ஆண்டு கழித்து யாரேனும் வெந்நீர் போட விரும்பினால் தவலை முழுசாக இருக்கும்.

துளையைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மெருகு ஏற்றுகிறோம் என்று சொல்லி, வெட்டிய பெயரை இயந்திரத்தால் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். ‘யாரோ பேர் இருந்தா வாங்கறவங்க தயங்குறாங்க’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். தயவுசெய்து அந்தப் பெயரைத் தேய்க்காதீர்கள், தேய்த்ததை வாங்காதீர்கள். நம் நாட்டில் சாதாரணப் பெண்களின் பெயர் கல்லிலோ ஏட்டிலோ இடம்பெற்றது அரிது. ஆனால் பாத்திரத்தில் இடம்பெற்றது. ஊர், ஆண்டு, மாதம், யார் யாருக்குக் கொடுத்தது என்ற செய்தி எல்லாம் அந்தப் புள்ளிகளில் இருக்கின்றன. நான் ஒரு பொருளை வாங்கினால் முதலில் செய்வது, அதில் எழுதியிருப்பதைத் தாளில் பெயர்த்து எழுதுவதும், விற்றவரிடம் அது எந்த ஊரிலிருந்து வந்தது, அங்கே அதை எப்படி அழைத்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும்தான். ஓர் ஊரில் முறம் என்பது இன்னோர் ஊரில் சுளகு. ஓர் ஊரில் அரிவாள்மணை என்பது இன்னோர் ஊரில் அரிவாமனை. பெயர் இல்லாத பொருள் பாதிப் பொருள்.

பயன்படுத்துவதில் எச்சரிக்கையும் வேண்டும் என்பதால் ஈயச் செம்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரசத்துக்கு மணம் தரும் ஈயச் செம்பு வெள்ளீயத்தால் ஆனது. 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றாமல் வெறும் செம்பை அடுப்பில் வைத்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் உருகி ஓடிவிடும். பழைய செம்புகளில் காரீயம் கலந்தவையும் உண்டு. காரீயம் நஞ்சு. எந்த உலோகம் என்று உறுதி செய்யாத செம்பில் சமைக்கக் கூடாது. அதைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பித்தளையும் அப்படித்தான். உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் அதே களிம்புதான் சோற்றில் சேரும். தெருவில் துருத்தியும் கரியும் நவச்சாரமும் கொண்டு வந்து, பாத்திரத்தைக் காய்ச்சி, ஈயக் குச்சியைத் தொட்டு, பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றி உள்வயிறு முழுவதையும் வெள்ளி போல் ஆக்கித் தரும் தொழிலாளர்கள் மிகவும் அருகிவிட்டார்கள். எங்கள் பகுதிக்கு ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். அவர் வரும் நாளுக்காக நான்கு தெருக்காரர்கள் பாத்திரம் சேர்த்து வைக்கிறோம். ஒன்றிரண்டு பேர் மட்டும் கொடுத்தால் அவருக்குக் கரிச்செலவுகூட மிஞ்சாது.

சுரேந்திர படேல் என்பவர் 1981இல் அகமதாபாத்தில் விஷாலா உணவகத்தை ஒட்டிப் பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். புணேயில் தினகர் கேல்கர் என்ற தனிமனிதர் 1920ஆம் ஆண்டுவாக்கில் சேர்க்கத் தொடங்கிய விளக்குகளும் பாக்குவெட்டிகளும் சமையலறைப் பொருள்களும், இளம் வயதில் இறந்த அவருடைய மகன் ராஜாவின் பெயர் தாங்கிய அருங்காட்சியகமாக நிற்கின்றன. நம்மிடம் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இருக்கிறது. அங்கே செட்டிநாட்டு வீடே பெயர்த்துக் கொண்டுவந்து எழுப்பப்பட்டிருக்கிறது. இவை பெரிய முயற்சிகள். ஆனால் உழக்கையும் முறத்தையும் பார்க்க ஒரு பிள்ளை சென்னைக்கோ புணேக்கோ போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஊர்ப்புற நூலகம் ஒவ்வொன்றிலும் ஓர் அலமாரியை இதற்கு ஒதுக்கலாம். அந்தந்த ஊரார் கொடுக்கும் பொருள்களைப் பெயர், பயன், கொடுத்த வீடு ஆகியவற்றை எழுதிய சீட்டுடன் வைக்கலாம். அதே அலமாரியின் கீழ்த்தட்டில் ஊர் விதைகளை ஜாடிகளில் வைத்து, தை மாதத்தில் எடுத்துச் செல்பவர் வைகாசிக்குப்பின் இரண்டு பங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்யலாம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித் தோட்டத் தளைகளில் (பொருள் தொகுப்புகளில்) வளர்ப்புப் பையும் தென்னைநார்க் கழிவும் உயிர் உரமும் விதையும் கிடைக்கின்றன. பயனுள்ள திட்டம், நானே வாங்கிப் பயன்பெற்றிருக்கிறேன். அந்தத் தளையில் மாவட்டத்துக்கு ஒரு நாட்டு ரக விதையையும், அதிலிருந்து அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கும் முறையை விளக்கும் ஒரு துண்டுத்தாளையும் சேர்த்தால், வாங்குபவர் ஆண்டுதோறும் விதைக்குக் கையேந்த வேண்டியிராது.

தங்கள் நாளிதழிடம் என் வேண்டுகோள் இரண்டு. தோட்டப் பக்கத்துக்கு வரும் படங்களில் துளையிட்ட பழம்பாத்திரங்கள் இருந்தால் அவற்றை வெளியிடாதிருங்கள். வெளியிட்டால் பார்ப்பவர்கள் அதையே முன்மாதிரியாகக் கொள்கிறார்கள். அடுத்ததாக, வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தில் கையகல இடம் ஒதுக்கி, வாசகர் ஒருவர் வீட்டிலுள்ள ஒரு பழம்பொருளின் படத்தையும், அவர் ஊரில் அதற்கு வழங்கும் பெயரையும், அது செய்த வேலையையும் வெளியிடுங்கள். தொடக்கத்துக்கு உதவியாக, பெயரும் பயனும் எழுதிய என்னுடைய குறிப்பேட்டின் படிகளை அனுப்பி வைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

விடுதி வாசலில் கண்ட அந்த ஆறாவது தவலையைப் பற்றி ஒரு செய்தி. திருமணம் முடிந்து திரும்பும் வழியில் விடுதி உரிமையாளரைச் சந்தித்து, அந்த எழுத்துகளைக் காட்டிப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான்கு பெரிய மண்தொட்டிகளைக் கத்தரி நாற்றுகளுடன் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் தவலையைக் கொடுத்தார். பாத்திர வேலை செய்யும் கன்னார் ஒருவரிடம் கொடுத்து நான்கு துளைகளையும் பற்றவைத்தாயிற்று. தழும்பு தெரிகிறது, தண்ணீர் ஒழுகவில்லை. இப்போது என் கொல்லையில் கிணற்றடியில் இருக்கிறது. பானைகளுக்கு ஊற்றும் தண்ணீரை அதிலிருந்துதான் மொண்டுகொள்கிறேன். கழுத்தில் உள்ள எழுத்துகளின் படத்தை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். பிரமாதி ஆண்டு தை மாதத்தில் தங்கள் குடும்பத்தில் நடந்த திருமணத்துக்கு உரியது அது என்று அடையாளம் காண்பவர் யாரேனும் இருந்தால், தங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விலை ஏதும் தர வேண்டியதில்லை. வந்து எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
காரைக்குடி.